போர்வைக்குள் நின்ற குழந்தை

வோசெல் ஊர்க் கோயிலில் காலையிலிருந்து எல்லோரும் ஒரே பொய்யைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதுவும் அவீஸ் மேல் வைத்த அன்பால். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"அவீஸ் சீமாட்டி, அங்கெத்தில் பிரபுவுக்கும் மகோ சீமாட்டிக்கும் பொறந்தவங்கதான் சாமி. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அந்த வருஷந்தான் என் சிவப்பு மாடு ரெட்டைக் கன்னு போட்டுச்சு" என்றான் மூன்றாவது சாட்சி.

விசாரிக்கத் திருச்சபை ஆயர் அனுப்பிய பாதிரியார் தீபோ சாமி தலையாட்டிக்கொண்டே எழுதினார். எதிர் பெஞ்சில் ரெனூஃப் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் அவீஸின் கணவன் ஃபூல்குக்குச் சித்தப்பா. இந்த வழக்கே அவர் மூட்டிவிட்டதுதான். மகோவின் பாட்டனும் ஃபூல்கின் பாட்டனும் கூடப்பிறந்த அண்ணன் தம்பி. அவீஸ் மகோவின் மகள் என்றால் அவளும் ஃபூல்கும் நெருங்கிய ரத்த உறவு, திருச்சபைச் சட்டப்படி அவர்கள் கல்யாணம் செல்லாது. கல்யாணமாகிப் பதினொரு வருஷமாக யாரும் போடாத கணக்கை, அண்ணன் மகனுக்கு இன்னும் பணக்காரப் பெண் ஒருத்தி அகப்பட்டவுடன் மனுஷர் உட்கார்ந்து போட்டிருக்கிறார்.

தீர்ப்பு வரும்வரை புருஷனும் பெண்டாட்டியும் ஒரு கூரையின் கீழ் இருக்கக் கூடாது. நாலு மாதமாக அவீஸ் கன்னியர் மடத்தில் கிடக்கிறாள். கல்யாணம் முறிந்தால் மூன்று பிள்ளைகளும் அப்பனோடு போய்விடும், அவள் மடத்திலேயே கிடக்க வேண்டியதுதான்.

பிடித்துக்கொள்ள அவளிடம் இருந்தது ஒரே ஒரு துரும்பு. சாகும்போது காய்ச்சல் வேகத்தில் அப்பா, "எம்மெலின், புள்ளையக் குளிர்ல விடாதே" என்று பிதற்றியிருந்தார். எம்மெலின் யாரென்று கேட்டால் அரண்மனையில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். மூன்று வயதுவரை அவீஸ் வோசெலில் செவிலித்தாயிடம் வளர்ந்தாள் என்பது மட்டும்தான் தெரியும். அதனால்தான் இந்த ஊரில் விசாரிக்கச் சொல்லிக் கெஞ்சியிருந்தாள்.

நாலாவதாக ஆப்பிள் கள் விற்கும் பெரோனெல் வந்து நின்றாள். அவீஸை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மகோ சீமாட்டி பொண்ணுதான் சாமி" என்று ஆரம்பித்தாள். குரல் மட்டும் இறங்கிப்போயிருந்தது.

அவீஸ் எழுந்துவிட்டாள். "பெரோனெல், எனக்கு மரியாதை பண்றதா நெனச்சு என் குடியைக் கெடுக்காதே. நான் யாருக்குப் பொறந்தவளா இருந்தாலும் பரவாயில்ல, சொல்லு!"

தீபோ சாமி இறகுப் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டார். நல்ல குலத்தில் பிறந்ததாக அழுதவர்களைப் பார்த்திருக்கிறார். இது புதுசு.

"பிரபு என் கையைப் புடிச்சுச் சத்தியம் வாங்குனாரு தாயி. உங்கள மாவு ஆலைக்காரன் பேத்தின்னு யாரும் கேலி பண்ணிடக் கூடாதாம்" என்று பெரோனெல் கண்ணைத் துடைத்தாள்.

"பண்ணட்டுமே! ஆலைக்காரன் பேத்தியா என் புள்ளைங்களோட இருப்பேன். பிரபு மகளா மடத்துல உக்காந்து என்ன பண்றது?"

"வேதப் புத்தகத்து மேல கை வச்சிருக்கியேம்மா. உண்மையைச் சொன்னா அந்தச் சத்தியம் உன்னை ஒண்ணும் பண்ணாது" என்றார் தீபோ சாமி.

பெரோனெல் பெருமூச்சு விட்டாள். "மகோ சீமாட்டியும் அவங்க பெத்த கொழந்தையும் ஒரே நாள்ல போய்ச் சேந்துட்டாங்க சாமி. ரெண்டு வருஷம் கழிச்சு, இந்த ஊரு மாவாலைக்காரர் மக எம்மெலினுக்குப் பிரபு மூலமா ஒரு பொண்ணு பொறந்துச்சு. அதுதான் இவங்க."

"கல்யாணம் ஆகாமலா?" ரெனூஃப் துள்ளினார். "அப்போ கேட்டுக்கோங்க சாமி, இவ முறைகெட்டுப் பொறந்தவ! அப்பன் நிலத்துல ஒரு பிடி மண்ணு இவளுக்குக் கிடையாது!"

"போகட்டும் மாமா, தாராளமா போகட்டும்" என்றாள் அவீஸ். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணம் பிழைத்துவிட்டதே.

பெரோனெலுக்கோ முகம் சிவந்துபோனது. "இருங்கய்யா, நான் இன்னும் முடிக்கல. அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு இதே கோயில்ல ரெண்டு பேருக்கும் கல்யாணம் நடந்துச்சு. அவங்க தலைக்கு மேல கல்யாணப் போர்வையப் புடிச்ச நாலு பேர்ல நானும் ஒருத்தி. மாப்பிள்ளை, பொண்ணு, நடுவுல இவங்க. ஒரு நிமிஷம் சும்மா நிக்கல. போர்வை ஓரத்தப் புடிச்சு இழுத்துக்கிட்டே இருந்தாங்க. அந்தக் குளிர்காலத்துலயே எம்மெலின் காய்ச்சல்ல போயிட்டா. பிரபு புள்ளைய அரண்மனைக்குக் கூட்டிட்டுப் போய், மகோ சீமாட்டி பெத்த கொழந்தை சாகல, இங்கதான் வளந்துச்சு, இதுதான் அதுன்னு சொல்லிட்டாரு."

கோயிலில் சலசலப்பு எழுந்தது. கல்யாணப் போர்வைக்குள் பெற்றோரோடு நின்ற பிள்ளை, கல்யாணத்துக்கு முன்னாலேயே பிறந்திருந்தாலும், முறையான பிள்ளை. அதற்கு மேல் ஆயரும் கேட்க முடியாது, அரசனும் கேட்க முடியாது.

"வேற யாராவது பாத்தீங்களா?" என்று தீபோ சாமி அதட்டினார். மாட்டுக்காரன் தலையைச் சொறிந்துகொண்டு முன்னால் வந்தான். அவன் பின்னாலேயே மற்ற இரண்டு சாட்சிகளும். மூன்று பேரும் அந்தக் கல்யாணத்தில் வாத்துக்கறி தின்றவர்கள். எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று. தீபோ சாமி திட்டிக்கொண்டேதான் எழுதினார். ரெனூஃப் யாரிடமும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார்.

"கல்யாணம் செல்லும். வீட்டுக்குப் போம்மா" என்றார் சாமி.

அவீஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. வெளியே ஓடினாள். மதிலுக்கு அப்பால் வண்டியோடு நின்ற ஃபூல்க் அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு, வந்து கையைப் பிடித்துக்கொண்டான். பிள்ளைகள் மூன்றும் இடுப்பைக் கட்டிக்கொண்டன. எல்லோருமாக அழுதார்கள், சிரித்தார்கள்.

"கெளம்பலாமா?" என்றான் ஃபூல்க்.

அவள் திரும்பி, வாசலில் நின்ற பெரோனெலைப் பார்த்தாள். "எங்கே பொதச்சீங்க?"

"பின்னாடிதான் தாயி. பேரிக்காய் மரத்தடியில. கல்லு வைக்கல."

இத்தனை வருஷமும் அவீஸ் மகோவின் கல்லறையில்தான் மெழுகுவத்தி ஏற்றி வந்திருக்கிறாள். அவள் வண்டி ஏறவில்லை. மூத்தவள் தீஃபேனின் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் பின்பக்கம் நடந்தாள்.

"யாரைப் பாக்கப் போறோம்மா?" என்று கேட்டாள் தீஃபேன்.

"எங்க அம்மாவை."