ஓகே சார் இருபது வரை எண்ணினார்

அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் முதலாளிக்கு 'ஓகே சார்' என்று பெயர். அவர் காதில் விழாத தூரத்தில்தான். எந்தப் பெட்டியானாலும் முதல் சாம்பிளில் அவர் 'ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் மெஷின் ஓடும். அவர் சாப்பிடப் போனால் மெஷின் நிற்கும். கழிவறைக்குப் போனால் வாசலில் ஒருவர் சாம்பிளும் கையுமாக நிற்பார். மனுஷன் ஒரு வாய் டீயைச் சூடாகக் குடித்துப் பல வருஷம் ஆகிறது. யார் குடிக்க வேண்டாம் என்றார்கள்? அவரேதான்.

ஒருநாள் காலை தொழிற்சாலை வாசலில் காரை நிறுத்தியவர், இறங்க முடியாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டாக்டர் எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டு, "இதயம் நல்லாத்தான் இருக்கு. மனசுக்குத்தான் மூச்சு வாங்குது" என்று ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். எனக்கென்ன பைத்தியமா என்று வீட்டில் குதித்தார் ஓகே சார். அக்கா விடவில்லை.

"உனக்குப் பைத்தியம் இல்லடா. உன்னால எங்களுக்குப் பிடிக்கறதுக்குள்ள போயிட்டு வந்துடு."

ஆலோசகரின் அறை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்தது. அந்தப் பெண்ணுக்கு இவரைவிடப் பத்து வயது குறைவு. முதல் மூன்று வாரமும் தொழிற்சாலையில் யார் யார் என்னென்ன தப்பு செய்தார்கள் என்று இவர் மூச்சுவிடாமல் சொன்னார், அவர் கேட்டுக்கொண்டார். நான்காவது வாரம்தான் விஷயம் வெளியே வந்தது. வெட்டுப் பிரிவைப் பதினொரு வருஷமாகக் கட்டிக்காக்கும் சூப்பர்வைசர் அம்மா ராஜினாமாக் கடிதம் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை கடைசி நாள். அவர் போய்விட்டால் எனக்குக் கை ஒடிந்த மாதிரி என்றார் ஓகே சார்.

"ஏன் போறாங்களாம்?"

"வேற எங்கயாவது கூப்பிட்டிருப்பாங்க. வேறென்ன?"

"அவங்க அப்படிச் சொன்னாங்களா?"

ஓகே சார் அவரிடம் கேட்கவே இல்லை. கடிதத்தை வாங்கியதுமே, "தெரியும் தெரியும், நேரம் பார்த்துக் கழுத்தறுக்கறீங்க" என்று பதிலையும் தானே சொல்லி அனுப்பியிருந்தார்.

ஆலோசகர் வீட்டுப்பாடம் கொடுத்தார். ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதற்குப் பிறகு வாய் துறுதுறுக்கும்போதெல்லாம் மனதுக்குள் இருபது வரை எண்ண வேண்டும்.

"இருபதா? அதுக்குள்ள நான் நாலு சாம்பிள் பார்த்துடுவேனே."

"பார்ப்பீங்களா, கையெழுத்துப் போடுவீங்களா?" என்று அவர் சிரிக்காமல் கேட்டார்.

வியாழக்கிழமை பிற்பகல் சூப்பர்வைசர் அம்மாவை அறைக்கு அழைத்து, "உட்காருங்கம்மா" என்றார் ஓகே சார். பதினொரு வருஷத்தில் முதல்முறை. அந்த அம்மா நாற்காலியைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு நுனியில் உட்கார்ந்தார்.

"ஏன் போறீங்கன்னு நான் கேக்கவே இல்ல. இப்பக் கேக்கறேன்."

அந்த அம்மா பதில் சொல்வதற்குள் ஓகே சாருக்கு நாக்கு நுனியில் ஆறு பதில்கள். மேஜைக்கு அடியில் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். உதடும் சேர்ந்து அசைந்தது.

"சார், நெஞ்சு வலிக்குதா?"

தலையை ஆட்டி மறுத்தார். பன்னிரண்டு, பதின்மூன்று. பதினான்கில் மெஷின் ஓட்டுபவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து ஒரு சாம்பிளை நீட்டினார். ஓகே சாரின் கை தானாக நீண்டு, 'ஓகே' எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டது. ஆலோசகர் வாயைத்தான் கட்டச் சொல்லியிருந்தார், கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சூப்பர்வைசர் அம்மா அந்தப் பெட்டியை வாங்கி மூடிப் பார்த்தார். மூடி உள்ளே பிடிக்காமல் எகிறியது.

"மூடி ரெண்டு மில்லிமீட்டர் குறையுது. இதனாலதான் சார் போறேன்." அவர் குரலை உயர்த்தவில்லை. "என் கண்ணுக்கு வராமலே உங்க கைக்கு வந்துடுது. நான் பார்த்துச் சரின்னு சொன்னாலும், நீங்க பார்க்காம சரின்னு சொன்னாதான் சரி. அப்புறம் நான் எதுக்கு?"

ஆர்டர் கொடுத்தவர்கள் யாரைத் திட்டுவார்கள், பொறுப்பு யாருடையது என்று சொல்ல நாக்கு எழுந்தது. மறுபடி எண்ணினார். இருபது வந்தபோது அந்த வாதமெல்லாம் கரைந்து, ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"எனக்குப் பயம்மா. நான் பார்க்கலைன்னா எல்லாம் சரிஞ்சிடும்னு பயம்."

மெஷின்காரர் சட்டென்று கூரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

"தெரியும் சார். அன்னைக்குக் கார்ல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்தீங்களே, நான்தான் முதல்ல பார்த்தேன். டாக்டருக்கு ஃபோன் பண்ணதும் நான்தான்." அந்த அம்மா பெட்டியை மேஜையில் வைத்தார். "ஆனா அதுக்கும் உங்க ஓகே வேணுமோன்னு ரெண்டு நிமிஷம் நின்னுட்டேன்."

அந்த இரண்டு நிமிஷத்தை எல்லோருக்கும் பழக்கிக்கொடுத்ததே ஓகே சார்தான். பேனாவை எடுத்து அந்த அம்மாவிடம் நீட்டினார்.

"இனிமே வெட்டுப் பிரிவு சாம்பிள் எதுவும் இந்த அறைக்கு வர வேண்டாம். உங்க கையெழுத்துதான்."

அந்த அம்மா சாம்பிளில் இருந்த 'ஓகே'வை அடித்துவிட்டு, பக்கத்தில் 'மூடி சரிசெய்யவும்' என்று எழுதிக் கையெழுத்திட்டு மெஷின்காரரிடம் கொடுத்தார். சற்று நேரத்தில் மூடி அளவைத் திருத்துவதற்காக வெட்டு மெஷின் நின்றது. அந்தச் சத்தம் நின்றாலே ஓகே சாருக்கு நெஞ்சு இறுகும். காத்திருந்தார். இறுகவில்லை. சற்றுமுன் வந்து மேஜையில் இருந்த டீயை எடுத்துக் குடித்தார். இன்னும் சூடாகவே இருந்தது.

"நாளைக்கு வெள்ளிக்கிழமையாச்சே" என்றார் தயங்கி.

சூப்பர்வைசர் அம்மா எழுந்து, மேஜைத் தட்டில் கிடந்த தன் ராஜினாமாக் கடிதத்தைத் தானே எடுத்து நாலாக மடித்துக்கொண்டார்.

"எல்லாத்துலயும் கண்ணை மூடிக்கிட்டு ஓகே போட்டீங்க. இதுல மட்டும்தான் போடல" என்று சொல்லிவிட்டு, மெஷினைப் பார்க்கப் போனார்.