சின்ன எல் செய்த வேலை

1

இந்தக் கதை ஓர் எழுத்துப் பிழையிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிழை என்னுடையதல்ல, என் தங்கையுடையது. அவள் தமிழாசிரியை. வேறு சமயமாக இருந்தால் வீட்டில் அவளை ஒரு மாதம் ஓட்டியிருப்போம். இம்முறை யாருக்கும் வாய் வரவில்லை.

முதலில் எழுதி வைத்திருந்த தொடக்கம்: 'வகுப்பறையின் கதவைத் தொழில்நுட்பம் தட்டியபோது…'

[கருத்தரங்க வாடை. அடித்துவிட்டேன்.]

2

முப்பத்து நான்கு பிள்ளைகள், ஆளுக்கொரு டேப்லெட், சுவரில் பெரிய திரை. சாப்பாட்டுக்குப் பிந்தைய பாடவேளையில் வகுப்பே கண்ணைத் திறந்துகொண்டு தூங்குகிறது என்று தங்கை புலம்புவாள். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக முயன்று பார்த்தாள். கடிகாரம் ஓடும் வினாடி வினா ஒன்று. பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியார் வாசலில் வந்து நின்றார். பெயர்களைப் போட்டுச் சுழற்றும் சக்கரம் ஒன்று. அது மூன்று நாளும் ஒரே பிள்ளையிடம் போய் நின்றதில், அந்தப் பிள்ளை அழுதுவிட்டது.

மூன்றாவதுதான் சொல்மேகம். எல்லோரும் பதிலைத் தட்டினால் அவை திரையில் மிதக்கும். பலர் ஒரே சொல்லை எழுதினால் அது பெரிதாகும். யார் எழுதியது என்பது மட்டும் தெரியாது.

விடியலைப் பற்றிக் கட்டுரை எழுதவைப்பதற்காக ஒரு கேள்வி போட்டாள்: 'காலையில் உங்களை எழுப்பும் ஒளி எது?'

போட்டதாக நினைத்தாள். அவளுடையது ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக்கித் தரும் விசைப்பலகை. பெரிய எல் (L) போட வேண்டிய இடத்தில் சின்ன எல் (l) விழுந்து, திரையில் 'ஒலி' என்று நின்றது.

3

பிள்ளைகள் சத்தங்களாகக் கொட்டினார்கள். அலாரம். அப்பா இருமல். மாடி வீட்டுக்காரர் நாற்காலி இழுப்பது. பக்கெட்டில் தண்ணீர். (ஒரு பிள்ளை 'என் தங்கச்சி' என்று மட்டும் எழுதியிருந்தது. அதன் வேதனை எனக்குப் புரியும்.) நடுவில் சின்னதாக ஒரு வரி மிதந்து வந்தது:

'அக்கா லைட்டைப் போட்டுப் போட்டு அணைப்பா.'

ஒருத்தராவது ஒழுங்காகப் பதில் சொன்னார்களே என்றுதான் தங்கை முதலில் நினைத்தாளாம். பிறகு தன் கேள்வியை வாசித்தாள். பிழை தெரிந்தது. அப்புறம் அந்தப் பதிலை இன்னொரு தடவை வாசித்தாள்.

"அண்ணா, அது கேள்வியைத் தப்பா படிக்கல. எந்தச் சத்தம்னு கேட்டதுக்குத்தான் பதில் சொல்லியிருக்கு. அந்தப் பிள்ளைக்குக் காது கேக்கல. ஏழு மாசமா நான் போர்டைப் பார்த்துத் திரும்பி நின்னு பேசிட்டிருந்திருக்கேன்."

அன்று இரவு ஃபோனில் அவள் சொன்னது இது. முப்பது வருடமாக எழுத்தோடு மல்லுக்கட்டுகிறவன் நான். ஓர் எழுத்து மாறி விழுந்து இப்படி ஓர் உண்மையை வெளியே கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. இன்னும் பிரமிப்பு தீரவில்லை.

4

'கடைசி பெஞ்சில், பெரிய கண்களோடு, அந்தச் சிறுமி'

[சிறுமி என்று யார் சொன்னது? பெரிய கண்கள் என் பழைய வியாதி.]

பெயர் கேட்கும் வசதியும் அந்தக் கருவியில் உண்டு. ஒரு பொத்தானைத் தட்டினால் அடுத்த கேள்விக்குப் பெயரோடு பதில் வரும், ஆளைப் பிடித்துவிடலாம். எனக்குக் கை அரித்தது. தங்கை மறுத்துவிட்டாள். பெயர் கேட்காததால்தான் அது வாயைத் திறந்தது, தானாக வந்து சொல்லட்டும் என்றாள். காது கேட்காத பிள்ளை என்று தெரிந்தால் வேறு பள்ளிக்குக் கைகாட்டிவிடுவார்கள். இரண்டு வருடம் முன்பு ஒரு பிள்ளைக்கு அப்படித்தான் நடந்தது.

ஆனால் அடுத்த வாரம் கேட்டல் தேர்வு. ஆசிரியர் ஒரு பத்தியை இரண்டு முறை வாசிப்பார். பிள்ளைகள் காதால் கேட்டு விடை எழுத வேண்டும். அந்தப் பிள்ளை இத்தனை நாள் பொத்திவைத்தது ஒரே பாடவேளையில் வெட்டவெளிச்சமாகிவிடும்.

5

முடிவு, முதல் வரைவு: அந்தப் பிள்ளை எழுந்து வந்து தங்கையின் கையைப் பிடித்து

[அழவைக்கிற வேலை. வேண்டாம்.]

இரண்டாம் வரைவு: மழை, பள்ளிக்கு விடுமுறை, தேர்வு ரத்து.

[கழன்றுகொள்கிற வேலை. அதுவும் வேண்டாம்.]

நடந்தது இதுதான். தேர்வன்று தங்கை சொல்மேகத்தைத் திறந்து, எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து, ஒரு கேள்வி போட்டாள்: 'பத்தியை நான் வாசிக்கவா, எழுதிப் போடவா? ஒரே சொல்லில் பதில்.'

திரையில் ஒரு சொல் வந்தது. பெரிதாகிக்கொண்டே போனது. இரண்டாவது சொல் வரவேயில்லை. முப்பத்து நான்கு பேரும் 'எழுதுங்க'. சுவர் முழுக்க அது ஒன்றுதான்.

(அன்று அந்த வரி மிதந்தபோது பிள்ளைகளும்தானே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்? அவர்களுக்கும் புரிந்திருக்கும் என்று தங்கையும் நானும் யோசிக்கவேயில்லை. எழுதிப் போட்டால் மதிப்பெண் சுலபம் என்ற கள்ளத்தனமும் கலந்திருக்கலாம். கலந்திருந்தாலும் எனக்குச் சிலிர்க்கத்தான் செய்கிறது.)

தங்கை போர்டில் எழுதினாள். முப்பத்து நான்கு பேரும் அதை வாசித்து விடை எழுதினார்கள்.

6

தலைமையாசிரியர் விளக்கம் கேட்டு ஒரு படிவம் கொடுத்திருக்கிறார். விதியை மீறியதற்குக் காரணம் எழுத ஒரு வரிக்குத்தான் இடம். நாளை கொடுக்க வேண்டும்.

"நீதானே எழுதுறவன். பொய் இருக்கக் கூடாது, அந்தப் பிள்ளையும் மாட்டக் கூடாது. ஒரு வரி சொல்லு" என்றாள்.

பதினொரு வரி எழுதிப் பார்த்தேன். உண்மையான ஐந்தும் பிள்ளையைக் காட்டிக்கொடுக்கின்றன. காட்டிக்கொடுக்காத ஆறும் பொய். எனக்கு வரவில்லை. நீங்கள் முயன்று பாருங்கள்.

காரணம்: ……………………………………