பதினொரு ஜன்னல்கள்

1

என் போன புத்தகத்தில் பதினாறு பக்கங்கள் தலைகீழாக அச்சாகியிருந்தன. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று அச்சகத்துக்குப் போன இடத்தில் கிடைத்தது இந்தக் கதை. இயந்திரம் ஓட்டுகிறவர் தாளைப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். (நேரில் 'அவர்'தான். கதைக்குள் 'அவன்' என்றால்தான் எனக்குக் கை ஓடுகிறது.)

முதல் வரி: அன்று மழை பெய்து... வேண்டாம். மழையெல்லாம் பெய்யவில்லை.

2

அவனுக்கு ஓர் அக்கா. அவளுக்கு வலிப்பு வரும். அவன் வேலையில் இருக்கும்போது அவளுக்குக் காவல், சீட்டுக்கட்டு அளவே உள்ள ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். கட்டில் உதறினால் அவன் போனும் கீழ்வீட்டு அம்மாவின் போனும் அலறும்.

செவ்வாய்க்கிழமை நாற்பது நொடி தாமதமாக அலறியது. கீழ்வீட்டு அம்மா ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

இத்தனைக்கும் வாங்கிய நாளிலிருந்தே, இந்தச் சின்னது தாங்குமா என்ற பயத்தில், அதன் ப்ராசஸர் சுமையை, அதாவது ஒரே நேரத்தில் அதற்கு எத்தனை வேலை குவிந்திருக்கிறது என்பதை, அவன் போனிலிருந்து அளந்தபடியே இருந்தான். நாலு வரை தாங்கும், மேலே போனால் எல்லாமே தாமதமாகும். இப்போது ஆறு காட்டியது.

3

(இங்கே அக்காவைப் பாவமாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவள் அப்படிப்பட்ட ஆள் இல்லை.)

"நல்லா இருக்கியாக்கா?"

"இந்த நாக்கை வச்சுக்கிட்டு எத்தனை தடவைடா பதில் சொல்றது? நீ கேக்குறதுலதான் எனக்குக் களைப்பே. போனை வை!"

வைத்தான். வைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் என்னென்ன ஓடுகிறது என்ற பட்டியலைத் திறந்தான். உச்சியில் இருந்தது அவனுடைய அளக்கும் புரோகிராம். ஒன்றல்ல, பதினொன்று. பயம் வந்தபோதெல்லாம் புது ஜன்னல் திறந்திருக்கிறான், பழையதை மூடியதே இல்லை. பதினொன்றும் நொடிக்கு நொடி "எவ்வளவு சுமை?" என்று அதைக் கேட்டுக் குடைந்திருக்கின்றன.

"வேலியே பயிரை மேஞ்சிருக்கு சார்," என்றான் என்னிடம். கண் கலங்கியிருந்தது. பதினாறு பக்கத்தைப் பற்றி நான் பேசவில்லை.

4

பத்தை மூடிவிட்டான். சுமை ஒன்றுக்குக் கீழே வந்துவிட்டது.

"ஒண்ணே ஒண்ணு இருந்தா ஒண்ணும் ஆகாதுல்ல சார்?"

ஆகாதுதான். ஆனால் பதினொன்றும் ஒன்றொன்றாகத்தானே வந்தன?

முடிவு அ: அந்த ஒன்றையும் மூடுகிறான். போன் சும்மா கிடக்கிறது. அது நல்ல சேதியா என்று...

முடிவு ஆ: மூடவில்லை. மறுநாள் இன்னொன்று...

இரண்டையும் பலமுறை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அக்காவைக் கட்டிலில் படுக்கவைத்து, உதறுகிறாளா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்களும் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

அவளுக்குக் கொஞ்சம் தூக்கம் வருகிறது. முதலில் நீங்கள் பக்கத்தை மூடுங்கள். அப்புறம் நான்.