பன்னிரண்டாவது ஊசி

"ஏங்க, ஒரு ஊசி குறையுது."

கார் நிறுத்தும் கொட்டகையில், தானே கட்டிய குட்டி விமானத்துக்கு அடியில் மல்லாந்து படுத்துச் சக்கரம் துடைத்துக்கொண்டிருந்த லிஃப்ட் மெக்கானிக்கின் கை அப்படியே நின்றுவிட்டது. ஊசிப் பெட்டியோடு நின்றிருந்தாள் மனைவி. நாளைக் காலை சோதனை அதிகாரி வருகிறார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் தரையை விட்டு எழும்பலாம். இந்தப் பக்கம் அவர் வருவதே வருஷத்துக்கு ஒரு தடவை. ஏழு வருஷம் லீவு நாளென்று ஒன்று பார்க்காமல் ரிவெட் அடித்து, தெருவே 'பைலட்டு' என்று கேலி பேசி வாய் ஓய்ந்த பிறகு, இப்போது போய் ஒரு ஊசி!

எண்ணுவது அவர் வைத்த சட்டம்தான். கொட்டகையைப் பூட்டுமுன் ஸ்பேனர் முதல் சுத்தியல் வரை எண்ணுவார். "சாமானுக்கெல்லாம் அட்டென்டன்ஸா?" என்று சிரித்தவள்தான், வேலை முடிந்ததென்று இன்று தன் பன்னிரண்டு ஊசியும் இருக்கிறதா என்று எண்ணியிருக்கிறாள். தையல் கடை வைத்திருப்பவள். இறக்கைக்குத் துணி போர்த்தும்போது அவர் போட்ட கோணல் தையலைப் பார்த்து, "கொடுங்க இப்படி, வானத்துல மானம் போகப்போகுது" என்று ஊசியைப் பிடுங்கிக்கொண்டாள். மூன்று மாதம், இறக்கையின் ஒவ்வொரு குறுக்குச் சட்டத்தோடும் துணியை இழுத்து முடிந்தாள். மேலே பெயின்ட்டும் அடித்தாயிற்று. தினமும் ஒரு தடவை அந்தத் தையலைத் தடவிப் பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. இவ்வளவு கெட்டிக்காரியா என் பெண்டாட்டி என்று மலைத்துப்போவார்.

"கடையில எங்கயாவது விழுந்திருக்கும்."

"கடையெல்லாம் தேடியாச்சு. அந்த முனையைத் தூக்குங்க."

கொட்டகையில் இடம் போதாமல் கழற்றித் தாங்கிகளின் மேல் வைத்திருந்த இறக்கைகளில் முதலாவதில் சத்தமில்லை. இரண்டாவதைச் சாய்த்தபோது உள்ளே ஏதோ உருண்டு, கிணுக்கென்று நின்றது. கேட்காத மாதிரி இருந்துவிடலாமா என்று ஒரு நொடி அவருக்குத் தோன்றியது உண்மை.

"சின்ன ஊசிதானேம்மா. அது பாட்டுக்குக் கிடக்கட்டும். நாளைக்குக் கையெழுத்து வாங்கிட்டு அப்புறமா..."

"லிஃப்ட்டுல ஒரு நட்டு குறைஞ்சா ஆளை ஏத்துவீங்களா?"

 லிஃப்ட் வேலையில் பதினெட்டு வருஷமாக ஒருதரம்கூட அவர் ஏற்றியதில்லை. துணியைப் பிரித்துத் தைத்து, பெயின்ட் காய ஒரு வாரமாவது ஆகும்; அதிகாரிக்குப் போன் போட்டு, வரவேண்டாம் என்றார். அப்படியென்றால் அடுத்த வருஷம்தான் என்றார் அதிகாரி.  போனை வைத்துவிட்டுக் கத்தரியை எடுத்தார்.

"நீங்க வெட்டாதீங்க, கோணலாயிடும்," என்று வாங்கிக்கொண்டாள்.

தன் தையலைத் தானே பிரித்தாள். கண் கலங்கியிருந்தது, கத்தரி கோணவில்லை. அவர் டார்ச் பிடித்தார். நான்காவது சட்டத்தருகே துணியை விலக்கினால், விமானத்தைச் சாய்த்துத் திருப்புகிற கம்பி ஓடும் கப்பி. கம்பிக்கும் கப்பிக்கும் நடுவே குறுக்காகச் செருகிக்கொண்டிருந்தது ஊசி. கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். அப்போதும் அசையவில்லை.

"நீ மட்டும் எண்ணலேன்னா..." என்று கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

அவள் குறடால் ஊசியை மெல்ல உருவி, துடைத்து, பெட்டியில் வைத்தாள். "பன்னெண்டு," என்றாள் அவருக்குக் கேட்கும்படி. பிறகு அதே ஊசியைத் திரும்ப எடுத்தாள். நூல் நுனியை உதட்டில் ஈரமாக்கிக் கோத்தாள்.

"டார்ச்சை அங்க வச்சிட்டு அந்தத் துணியோட ஓரத்தைப் பிடிங்க. இழுத்துப் பிடிக்கணும், தெரியுதா?"

அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.