அவசரம் இல்லை

மட்டாஞ்சேரிக் கல்லூரியின் கமிட்டி அறையில் விரித்திருந்த வரைபடத்தின் மேல் சேர்மன் அனந்தநாராயணன் சிவப்புப் பென்சிலால் பெருக்கல் குறி போட்டார். பல் குத்துகிற சாவகாசத்தோடு போட்டார். அடிபட்டது பெண்கள் விளையாட்டுக் கூடம்.

வரைந்தவள் ஆர்க்கிடெக்ட் மாதுரி. கடல் பொங்கும் வேலியேற்றத்தில் ஓடை வழியே உப்புநீர் ஏறி வரும் இடம் என்பதால் தரையை இடுப்பளவு உயர்த்தியிருந்தாள். ஏறும் படிகளையே அகலமாக்கி, மேட்ச் பார்க்கிற கேலரியாக்கியிருந்தாள். மேலே, பழைய மிளகுக் கிடங்குகளில் இருப்பதுபோல் காற்றுப்போக்கி வைத்த ஓட்டுக்கூரை. பையன்களின் கூடம் பின்பக்கம். பெண்களின் கூடம், உடைமாற்றும் அறைகளோடு, தெருவைப் பார்த்த முன்பக்கம். அந்த முன்பக்கம்தான் சேர்மனின் கண்ணை உறுத்தியது. அங்கே ஏசி போட்ட விருந்தினர் அறை வேண்டுமாம்.

"பொண்கொழந்தேளோட ஹாலை ரெண்டாங்கட்டத்துல பாத்துக்கலாம்," என்றார்.

இரண்டாம் கட்டமாம்! கேன்டீனின் இரண்டாம் கட்டத்துக்கென்று நீட்டிவிட்ட கம்பிகள் மொட்டைமாடியில் துருவேறி நிற்கின்றன, காக்கைக்குத்தான் உபயோகம். இதே வளாகத்துப் பள்ளியில் படித்தபோது, வாலிபால் ஆட கெமிஸ்ட்ரி ஸ்டோர் ரூமில் அமில நெடிக்கு நடுவே உடை மாற்றியவள் மாதுரி. தாழ்ப்பாள் இல்லாத கதவை முதுகால் அடைத்து நின்றவள் தோழி ஸ்நேஹா. அந்த ஸ்நேஹாதான் இன்று கல்லூரியின் விளையாட்டு ஆசிரியை. பெண்கள் இன்றும் அங்கேதான் மாற்றுகிறார்கள்; கதவுக்கு இன்றும் தாழ்ப்பாள் இல்லை.

"கொழந்தைகள் கேப்பாளே மாமா?"

"அஸ்திவாரக் கல்லிடற அன்னிக்கு மனை வாசல்ல இந்தப் படத்தை வெக்கறோமோல்லியோ, அதுக்கு அடியில எழுதிடு. பொண்கொழந்தேளுக்கு இப்போ அவசரம் இல்லைன்னு."

"உங்க பேர்லயா?"

"என் பேர்லதான். மலையாளத்துல எழுது. நான் சொன்னதை அப்படியே எழுதணும், கேட்டியோ?"

கேட்டாள். நன்றாகவே கேட்டாள்.

சேர்மன் தமிழில் நினைக்கிறவர். மாதுரிக்குத் தமிழ் வீட்டோடு சரி, எழுத்தெல்லாம் மலையாளம். தமிழில் அவசரம் என்றால் உடனடித் தேவை. மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. இரண்டையும் கலந்தே பேசிப் பழகிய மனுஷர் கவனிக்கவில்லை. மனதில் கிடந்தது அவர் வாயாலேயே வந்துவிட்டதே என்று மாதுரிக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. மேஜையில் அவர் மறந்துவிட்டுப் போன சிவப்புப் பென்சிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

கல்லிடும் நாள் காலையில் மனை வாசலில் பலகை நின்றது. 'பெண்குட்டிகள்க்கு இப்போள் அவசரம் இல்ல. சேர்மன்.' கொட்டை எழுத்து. மனையில் சுண்ணாம்புக் கோடு போட வேண்டியதும் மாதுரிதான். பெண்கள் கூடத்தையும் சேர்த்தே போட்டுவைத்திருந்தாள். கல் நடும் குழி அந்தக் கோட்டுக்கு உள்ளேதான் இருந்தது.

"எந்தா மிஸ் இது? நமக்கு சான்ஸே இல்லேன்னோ?" என்று பெண்கள் கொதித்தார்கள். ஸ்நேஹா கோட்டுக்குள் வலையைக் கட்டி, பந்தைத் தூக்கிப் போட்டாள். ஆட்டம் சூடுபிடித்தபோது சேர்மன் பட்டு வேஷ்டியும் வெள்ளிக் கொத்துக்கரண்டியுமாக வந்து இறங்கினார். பலகையைப் படித்தார். முகம் சிவந்தது.

"ஏண்டி, நான் இதையா சொன்னேன்?"

"ஒரு அட்சரம் மாத்தலை மாமா."

"நான் தமிழ்லன்னா சொன்னேன்! மலையாளத்துல அர்த்தமே வேற!"

"வேறயா? எங்களுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் பட்டது."

"உன்னை இந்த வேலையிலேருந்தே எடுத்துடுவேன்!"

"எடுத்துடுங்கோ. ஆனா அந்தக் கோட்டை நான் அழிக்க மாட்டேன்." இவ்வளவு பெரிய வேலை அவளுக்கு இதுவரை கிடைத்ததில்லை. போனால் போகட்டும்.

பூஜைக்கு வந்திருந்த சாஸ்திரிகள் கடிகாரத்தைப் பார்த்துக் கையைப் பிசைந்தார். "அண்ணா, ராகுகாலம் வந்துண்டிருக்கு."

"அவாளை விலகச் சொல்லு மாதுரி! நேரமாச்சு, சீக்கிரம், சீக்கிரம்!"

பெண்கள் ஒருத்தியும் நகரவில்லை. அவர் அழைத்து வந்த பெரிய மனிதர்கள் எல்லாரும் சேர்மனையே பார்த்தார்கள்.

"இப்போ யாருக்கு மாமா அவசரம்?" என்று கேட்டு, மாதுரி அவருடைய பென்சிலை அவரிடமே நீட்டினாள்.

அனந்தநாராயணன் கடிகாரத்தைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். வெடுக்கென்று பென்சிலைப் பிடுங்கி, பலகையில் 'இல்ல' என்ற சொல்லை அடித்தார். மிச்சம் நின்றது, 'பெண்குட்டிகள்க்கு இப்போள் அவசரம்.' தமிழில் படித்தாலும் சரி, மலையாளத்தில் படித்தாலும் சரி.

ஸ்நேஹா விசில் ஊதினாள். பெண்கள் வழி விட்டார்கள்.

"உள்ளே வாங்கோ மாமா," என்றாள் மாதுரி. "செருப்பை மட்டும் கோட்டுக்கு வெளியில விட்டுடுங்கோ. இது பெண்கள் கூடம்."