நோரீனுக்கு மட்டும் அணைந்த கணப்பு

அம்மா இறந்த பின் என் அப்பா க்ளெமென்ட் இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டபோது அவருக்கு எழுபது தாண்டியிருந்தது. நோரீன் எங்கள் ஊரான டாட்மார்டனின் சந்தையில் சீஸ் கடை வைத்திருந்தவர். கணவர் இறந்த பிறகு கடையை விற்றுவிட்டுத் தனியாக இருந்தார். அப்பா வாராவாரம் சீஸ் வாங்கப் போனது சீஸுக்காக இல்லை என்று ஊருக்கே தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

நான் அதே ஊரில் தனியாகக் குடியிருந்தேன், அப்பா வீட்டுக்கு அடிக்கடி போய்வருவேன். நோரீன் அந்த வீட்டுக்கு வந்த பிறகு எதையும் மாற்றவில்லை. திரைச்சீலை, தட்டு, அம்மாவின் நாற்காலி எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. முன்னறையில் அம்மா தினமும் மண்டியிட்டுச் சாம்பல் அள்ளி, கரி அடுக்கி, பற்றவைத்த நிலக்கரிக் கணப்பும் அப்படியே இருந்தது. நோரீனும் அதேபோல மண்டியிட்டார். அவர் எதையாவது மாற்றியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். சண்டை போட ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

மாற்றம் அப்பாவிடமிருந்துதான் வந்தது. பின்முற்றத்தில் கரி வாளியோடு பனியில் சறுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் நெஞ்சைச் சோதித்த டாக்டர், இனிமேல் கரியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். கேஸ் கணப்பு போடுவது என்று முடிவானது. மூன்று பேருமாக ஹாலிஃபாக்ஸில் ஒரு கடைக்குப் போனோம்.

அங்கே சுவர் முழுக்கக் கணப்புகள் எரிந்துகொண்டிருந்தன. கூழாங்கல் மேல் எரிவது, பொய்க் கரி மேல் எரிவது, சுவரில் ஓவியம் மாதிரி மாட்டுவது. அப்பா ஒவ்வொன்றின் முன்னும் கையை நீட்டிக் காய்ந்து பார்த்தார்.

"இது என்ன, மீன் தொட்டிக்குத் தீ வெச்ச மாதிரி இருக்கு?"

"அது கண்ணாடி மூடினது சார். ரிமோட்லயே ஏத்தலாம், எறக்கலாம்" என்றார் விற்பனையாளர்.

"டிவி ரிமோட்டையே இவ என் கைல தர்றதில்ல. இதையா தரப்போறா?"

"தந்தா பொழுது பூரா ஸ்நூக்கர்தான் ஓடும்" என்றார் நோரீன். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஜனீன், நீ சொல்லு கண்ணு. உங்கம்மாவுக்கு இதுல எது பிடிச்சிருக்கும்?"

நல்ல மனதோடுதான் கேட்டார். "அம்மாவுக்கு இதுல எதுவுமே பிடிச்சிருக்காது" என்றேன் நான்.

அப்பா பக்கத்திலிருந்த விலைச்சீட்டைப் படிப்பதுபோல் குனிந்துகொண்டார். நோரீன் தலையை ஆட்டிவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு அளவு நாடாவை எடுத்தார். நெடுநேரம் அளந்து, கடைசியில் ஒரு சின்னக் கணப்பைத் தேர்ந்தெடுத்தார். அதைவிட அழகானவை இருந்தன. அதை ஏன் எடுத்தார் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. அது மட்டும்தான் பழைய கணப்பைச் சுற்றியிருந்த அம்மாவின் பச்சை ஓடுகளில் ஒன்றைக்கூட உடைக்காமல் உள்ளே பொருந்தக்கூடியது.

பொருத்த வந்தவர் டேரன், அந்தக் கடையின் மெக்கானிக். புகைபோக்கியை முந்தின வாரமே ஆள் வைத்துச் சுத்தம் செய்திருந்தோம். கரி அடுக்கும் பழைய இரும்புக் கம்பித்தட்டை வெளியே எடுத்தபோது அப்பா அதைக் கையில் வாங்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் சிறிது நேரம் நின்றார். புகை வேறெங்காவது கசிகிறதா என்று பார்க்க டேரன் ஒரு புகை மாத்திரையைக் கொளுத்தி உள்ளே வைத்தார். புகை சுழன்று மேலே ஏறியது. நான் தெருவில் நின்று பார்த்தேன், கூரை மேல் வெள்ளையாக வந்தது. மாடி அறைகளையும் பரணையும் டேரன் பார்த்துவிட்டு வந்தார்.

"பக்கத்து வீட்லயும் ஒரு தடவ பாத்துடணும்" என்று சொல்லிப் போய்க் கதவைத் தட்டினார். எங்கள் வீடுகள் ஒட்டினாற்போல் கட்டியவை, நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் ஆட்ரி இருந்தார். எண்பதைக் கடந்தவர், அம்மாவின் நெருங்கிய தோழி. அப்போது மோர்கேம்பில் மகன் வீட்டுக்குப் போயிருந்தார்.

"அவங்க வந்ததும் ஒரு போன் பண்ணுங்க, வந்து பாக்கறேன்" என்றார் டேரன். சரி என்றோம். பிறகு நாங்களும் மறந்தோம், அவரும் மறந்தார்.

கணப்பு நன்றாக எரிந்தது. அப்பா காலணியைக் கழற்றிவிட்டுக் கால் விரல்களை நீட்டிக்கொண்டு, "இதுக்கு முன்னாடியே விழுந்திருக்கலாம் நான்" என்றார்.

அது முதல் தடவை அணைந்தது நோரீன் அங்கே தனியாகக் கம்பளி பின்னிக்கொண்டிருந்தபோது. மறுநாளும் அணைந்தது. அப்பா உட்கார்ந்தால் நாள் பூராவும் எரியும். நான் உட்கார்ந்தாலும் எரியும். நோரீன் மட்டும் தனியாக உட்கார்ந்தால், சிறிது நேரத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், இருட்டு.

டேரன் வந்தார். அறையில் காற்று கெட்டால் கேஸைத் தானாக நிறுத்துகிற ஒரு சாதனம் அதற்குள் இருக்கிறது, அதில் கோளாறு இருக்கலாம் என்று புதிது போட்டார். அதன் பிறகும் அணைந்தது. திரும்பவும் வந்து எல்லாவற்றையும் கழற்றி மாட்டினார். "காத்து நல்லா இருக்கு, கேஸ் நல்லா வருது. எனக்குப் புரியலீங்க" என்றார்.

"எனக்குப் புரியுது" என்றார் அப்பா சிரித்துக்கொண்டே. "ஏவிஸ் கோவக்காரிதான். ஆனா இவ்வளவு நாள் கழிச்சா வந்து சண்டை போடுவா?"

ஏவிஸ் என்பது என் அம்மா. நோரீன் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. எனக்குள் ஒரு கெட்ட சந்தோஷம் எழுந்தது. அம்மா எங்கேயும் போய்விடவில்லை. அவளுக்குக் கோபம் வருகிறது. கோபம் வருகிறதென்றால் இருக்கிறாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நோரீனும் தேவாலயத்துக்குப் போனதும் நான் அந்த வீட்டுக்கு வந்து, கணப்பைப் பற்றவைத்து, நோரீனின் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவருடைய பின்னல் கம்பளியைக்கூட மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். "அம்மா" என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே வேற்று ஆளுடையதாக இருந்தது. தீ ஆடாமல் அசையாமல் எரிந்தது. கன்னம் சுடுகிறவரை உட்கார்ந்திருந்தேன். அவர்கள் திரும்பி வந்தபோது நோரீன் என் முகத்தைப் பார்த்தார், மடியில் தன் கம்பளியைப் பார்த்தார், பிறகு டீ போடப் போனார்.

நான் பின்னாலேயே போனேன். "அங்க உக்காந்திருக்கறப்ப என்ன ஆகுது? சொல்லுங்க."

"விடு கண்ணு."

"என்கிட்ட சொல்ல மாட்டீங்களா? அது எங்கம்மா."

அவர் கெட்டிலை வைத்துவிட்டு மேசையோரம் சாய்ந்து நின்றார். "யாரோ உள்ள வந்த மாதிரி இருக்கும். கதவு தொறந்தா ஒரு சில்லுனு காத்து வருமே, அந்த மாதிரி. நிமிந்து பாத்தா கணப்பு முன்னாடி மண்டி போட்டு உக்காந்திருப்பா. முதுகு மட்டுந்தான் தெரியும். பழுப்பு கலர் ஸ்வெட்டர், முழங்கை தேஞ்சு போனது. கைய நீட்டுவா, அணைஞ்சிரும்."

அந்த ஸ்வெட்டரை அம்மாவோடு வைத்துப் புதைத்தோம். நோரீன் அதைப் பார்த்திருக்க வழியில்லை. போட்டோவில் பார்த்திருப்பார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

"உங்கள போகச் சொல்றா" என்றேன். சொல்லக்கூடாது என்று தெரிந்தும் சொன்னேன்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். பெட்டிகூட எறக்கி வெச்சேன், உங்கப்பாவுக்குத் தெரியாது." அவர் கோப்பைகளை எடுத்து வைத்தார். "ஆனா அவ என்னைத் திரும்பிப் பாக்கவே மாட்டேங்கறா ஜனீன். நான் அங்க இருக்கறதே அவளுக்கு ஒரு விஷயமில்ல. அணைச்சிட்டு, எந்திரிச்சுப் போய், எடது பக்கச் சுவத்துல காதை வெச்சு நிக்கறா. எதையோ கேக்கற மாதிரி. அப்புறம் இருக்கமாட்டா."

இடது பக்கச் சுவர் ஆட்ரியின் சுவர்.

என் சின்ன வயதில் அம்மா அந்தச் சுவரில் தட்டுவாள். தட்டினால் டீ தயார் என்று அர்த்தம். உடனே அந்தப் பக்கமிருந்து பதில் தட்டு வரும், பின்னாலேயே ஆட்ரி வருவார். இதை நான் நோரீனிடம் சொன்னதில்லை. அப்பாவும் சொல்லியிருக்கமாட்டார், அவர் அந்த நேரமெல்லாம் மில்லில் இருப்பார்.

நான் முன்னறைக்குப் போனேன். அப்பா கணப்பின் முன்னால் பாதித் தூக்கத்தில் இருந்தார். சுவரில் தட்டினேன். பதில் இல்லை. அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஆட்ரிக்குக் காது மந்தம், அவருடைய டிவி எந்நேரமும் சுவரைத் தாண்டி எங்களுக்குக் கேட்கும். இன்று கேட்கவில்லை.

"அப்பா, ஆட்ரி எப்ப வந்தாங்க மோர்கேம்ப்லேர்ந்து?"

"அவ வந்து ரொம்ப நாளாச்சே. ஒடம்பு சரியில்லன்னு படுத்திருக்கா. டாக்டர் வந்து ஏதோ வைரஸ்னு சொல்லிட்டுப் போனாராம். ஏன்?"

ஆட்ரி வீட்டுச் சாவி எங்கள் ஆணியில் தொங்கும். எடுத்துக்கொண்டு ஓடினேன். அவருடைய பூனை பனி கொட்டுகிற வாசலில் குறுகி உட்கார்ந்திருந்தது. கதவைத் திறந்தும் அது உள்ளே வரவில்லை.

ஆட்ரி மாடி அறையில் படுத்திருந்தார். கன்னம் நல்ல ரோஜா நிறம். ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது எனக்கு. கட்டிலுக்குப் பக்கத்தில் போனதும் கண்ணைத் திறந்தார். பார்வை என் மேல் நிலைக்கவில்லை.

"இப்பத்தான் வர்றியா ஏவிஸ்? காலைலேர்ந்து தட்டிக்கிட்டே இருக்க. நான் எந்திரிக்கப் பாக்கறேன், காலு வரமாட்டேங்குது."

காலையிலிருந்து யாரும் தட்டவில்லை. நான் தட்டியது ஒரே ஒரு முறை, இப்போதுதான்.

"ஆட்ரி, நான் ஜனீன்" என்று சொல்ல வாய் எடுத்தேன். தலைக்குள் யாரோ துணியைத் திணித்தமாதிரி இருந்தது. மாடிப்படியில் நோரீன் மூச்சிரைக்க வரும் சத்தம் கேட்டது. வாசலில் நின்று ஆட்ரியின் முகத்தை ஒரு தடவை பார்த்தார், நேரே ஜன்னலுக்குப் போனார். பெயிண்ட் ஒட்டித் திறக்க வரவில்லை. நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடியில் அடித்தார்.

"கேஸ்! மொகம் செவந்திருக்கு பாரு, எங்க வீட்டுக் கேஸ் இங்க வருது! தோளைப் பிடி, தூக்கு!" பிறகு உடைந்த ஜன்னல் வழியாகத் தெருவே கேட்கக் கத்தினார்: "க்ளெம்! அந்தச் சனியனை அணை! அணைச்சிட்டு ஆம்புலன்ஸுக்குப் போடு!"

இருவருமாக ஆட்ரியைப் படி இறக்கி வெளியே கொண்டுவந்தோம். பனியில் எங்கள் மூவர் மேலும் அப்பாவின் கோட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நோரீன் ஆட்ரியின் பாதங்களைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கண்ணாடி கிழித்து அவர் கையிலிருந்து ரத்தம் வழிந்தது, அதை அவர் கவனிக்கவே இல்லை.

ஆட்ரி பிழைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கஷ்டம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஞாபகம் கொஞ்சம் தடுமாறியது, வசந்தத்துக்குள் அதுவும் சரியாகிவிட்டது.

கோளாறு என்னவென்று சோதனைக்கு வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். இரண்டு வீட்டுப் புகைபோக்கிகளையும் பிரிக்கிற செங்கல் சுவர் மாடி உயரத்தில் இடிந்து விழுந்திருக்கிறது. எங்கள் கணப்பிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு என்கிற மணமில்லாத விஷவாயு அதன் வழியாக ஆட்ரியின் படுக்கையறைக்குப் போயிருக்கிறது. அங்கிருந்த பழைய கணப்பை மெல்லிய பலகையால்தான் மூடியிருந்தார்கள். டேரனும் கூட வந்திருந்தார், முகம் வெளுத்து, ஆட்ரி வீட்டைப் பார்க்காமல் பற்றவைத்துவிட்டேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பா அவர் தோளில் கை வைத்து, "நாங்களும்தானப்பா மறந்தோம்" என்றார்.

நான் டேரனைத் தனியாகக் கேட்டேன். "காத்து கெட்டா அணைக்கற சாதனம்னீங்களே. அதனாலதான் அணைஞ்சுதா?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "அது உங்க ரூம் காத்தைத்தாங்க பாக்கும். உங்க ரூம்ல காத்து சுத்தமாத்தான் இருந்துச்சு. எல்லாம் அந்தப் பக்கம் போயிருச்சே. அது ஒரு தடவைகூட அணைஞ்சிருக்கக் கூடாது." சற்று நின்று, "இதை நான் எழுதிக் குடுக்கல. எப்படி எழுதறதுன்னு தெரியல" என்றார்.

புகைபோக்கிக்குள் கீழிருந்து மேல்வரை எஃகுக் குழாய் இறக்கினார்கள். ஆட்ரி வீட்டிலும் எங்கள் வீட்டிலும் விஷவாயு அலாரம் மாட்டினார்கள். எல்லாம் சோதித்த பிறகும் கணப்பைப் பற்றவைக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஒரு மழை நாளில் நோரீன்தான் பற்றவைத்தார். தனியாக உட்கார்ந்து பின்னினார். அணையவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் அணையவில்லை.

எனக்கு அம்மா வந்ததே இல்லை. ஏன் என்னிடம் வராமல் நோரீனிடம் வந்தாள் என்று பல நாள் மனதுக்குள் அவளோடு சண்டை போட்டிருக்கிறேன். அந்த வீட்டில் சொன்னால் கேட்கக்கூடியவர் நோரீன் மட்டும்தான் என்று இப்போது படுகிறது. படுவதால் வலி குறைந்துவிடவில்லை.

கோடை தொடங்கிய பிறகு ஒரு நாள், அப்பா கடைக்குப் போயிருந்தபோது நோரீனிடம் கேட்டேன். எத்தனையோ நாளாகக் கேட்க நினைத்தது. அம்மா இறக்கும்போது சிகிச்சையில் தலைமுடி எல்லாம் போயிருந்தது. கண்ணாடியைத் திருப்பி வைக்கச் சொல்லுவாள். எங்களைக்கூட விளக்கைப் போடவிடமாட்டாள்.

"நீங்க பாத்தப்ப... முடி இருந்துச்சா அவளுக்கு?"

நோரீன் பின்னல் ஊசியை நிறுத்தினார். என்ன கேட்கிறேன் என்று அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது.

"நெறைய இருந்துச்சு கண்ணு" என்றார். "குனிஞ்சப்ப முன்னாடி விழுந்துச்சு. ஒரு கையால காதுக்குப் பின்னாடி தள்ளி விட்டுக்கிட்டா."

நான் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அதன் சத்தத்தில் நெடுநேரம் நின்றேன்.