மாற்றுச் சாவி

1

"நாளைக்கு விசாரணையில, அவன் சாவி எடுக்காம இறங்கிட்டான்னு நான்—"

"எடுத்தார் அண்ணி. சட்டைப் பையில இருந்துச்சு. ஆஸ்பத்திரியில துணியைக் கொடுத்தப்ப நான்தான்—"

"என்னைக் கொஞ்சம் பேச விடும்மா."

"அப்போ பலகையில இருந்தது யார் சாவி?"

இந்தக் கதை எனக்கு இப்படித்தான் வந்தது, முகமில்லாத இரண்டு குரல்களாக. யாரென்று பிறகுதான் விசாரித்தேன். அண்ணி ஒரு பொறியாளர். வானத்து ரேடியோ அலைகளைப் பிடிக்கும் மாபெரும் தொலைநோக்கியை* வடிவமைத்துக் கட்டிக்கொண்டிருப்பவள். மற்றவள் அவளுடைய தம்பி மனைவி. தம்பி அங்கே ஃபிட்டர். இறந்து ஒன்பது நாள்.

(*விளையாட்டு மைதானத்தைக் குழித்து நிமிர்த்தியது போன்ற உலோகக் கிண்ணம். ஒரு தகடு நகக்கனம் பிசகினாலும் ஆள் உள்ளே இறங்கித் திருக வேண்டும்.)

2

'பொறியாளர் கெட்டவள் இல்லை' என்று தொடங்கி, அடித்துவிட்டேன். அவள் வகுத்த விதி நல்ல விதிதான். கிண்ணத்துக்குள் இறங்குகிறவர் கட்டுப்பாட்டு அறைப் பலகையிலிருந்து சாவியை உருவிக்கொண்டு போக வேண்டும். சாவி திரும்பும் வரை கிண்ணம் அசையாது. தம்பியோ பல நாள் மறந்து சாவியோடு வீட்டுக்கே போய்விடுவான். வேலை நிற்கும். உன் தம்பி தொலைநோக்கியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான் என்று கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். யாரிடமும் சொல்லாமல் அவள் ஒரு மாற்றுச் சாவி செய்து இழுப்பறையில் வைத்தாள்.

3

அன்று முற்பகல் பலகை காலி. இயக்குபவர் மாற்றுச் சாவியை எடுத்து—

[இல்லை. அந்தக் கையை மூன்று பேருக்கு மாட்டிப் பார்த்தேன். ஒருவருக்கும் பொருந்தவில்லை.]

அவளே எடுத்தாள். இன்றைக்கும் சாவி அவன் வீட்டில்தான் என்று அலுத்துக்கொண்டே போட்டுத் திருப்பினாள். தம்பி உள்ளே இருக்க, கிண்ணம் சரிந்தது.

இவ்வளவையும் தம்பி மனைவியிடம் சொல்லிவிட்டாள். விசாரணைக் குழுவிடம் சொல்வாளா என்பதுதான் பாக்கி.

4

ஒரு முடிவில் ஒப்புக்கொண்டு சிறைக்குப் போகிறாள். வாசிக்க நிம்மதியாக இருந்தது, அதனாலேயே கிழித்தேன். இன்னொன்றில் வாயைத் திறக்கவில்லை. 'கவனக்குறைவு' என்ற கட்டத்தில் தம்பியின் பெயர் ஏறுகிறது. பையிலிருந்த சாவியை யாரும் நம்பவில்லை. எப்போதும் வீட்டுக்குக் கொண்டுபோகிறவன்தானே என்கிறார்கள். அதையும் கிழித்தேன்.

மூன்றாவதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: தம்பி மனைவி சாவியைச் சமையல் மேடைமேல் வைத்தாள். அண்ணி அதைத் தொடவில்லை.

"நாளைக்கு என்ன வேணா சொல்லுங்க. சாவியைத் திருப்பறதுக்கு முன்னாடி, கன்ட்ரோல் ரூம் மைக்குல ஒரு தடவை அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தீங்களா, அண்ணி?"